ஆடாத கேமராவின் கதை: உலகமே வாங்குது, உலகமே தடுக்குது... யார் இந்த டி.ஜே.ஐ.?

உங்க போன்ல கடைசியா பார்த்த கல்யாண ரீல்ஸைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. மண்டப வாசல்ல மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்கிறாங்க. கேமரா அவங்க முகத்துல இருந்து மெதுவா பின்னால நகருது. அப்படியே மேல எழும்புது. பந்தல், தென்னந்தோப்பு, கோயில் கோபுரம், கடைசியில ஊர் மொத்தமும் ஒரே ஷாட்ல வந்துடுது. துளி நடுக்கம் இல்லை.

இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஷாட் வேணும்னா நிஜ ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்கணும். பைலட், கேமராமேன், எரிபொருள், அனுமதின்னு செலவு எகிறும். பெரிய பட்ஜெட் படத்துக்கே தயாரிப்பாளர் யோசிப்பார். இன்னிக்கு அதே ஷாட்டை, பக்கத்து ஊர் போட்டோகிராபர் தோள்பையில இருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்து, ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிடுறார்.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததுல பெரும்பங்கு ஒரே ஒரு சீன நிறுவனத்துக்குத்தான். பேரு டி.ஜே.ஐ. 2006-ல ஆரம்பிச்ச இந்த கம்பெனிக்கு இப்போ இருபது வயசு. உலகத்துல விற்கிற சாதாரண மக்களுக்கான ட்ரோன்கள்ல 70 சதவிகிதத்துக்கும் மேல இவங்களோடதுதான்னு பல மதிப்பீடுகள் சொல்லுது. ஆனா, இதே நிறுவனத்தோட ட்ரோன்களுக்கு இந்தியா 2022-லயே இறக்குமதிக் கதவை மூடிடுச்சு. அமெரிக்கா 2025 கடைசியில புது மாடல்களுக்குப் பூட்டு போட்டிருக்கு.

எல்லாரும் ஆசையா வாங்குற ஒரு பொருளை, ஏன் எல்லா அரசாங்கமும் பயந்து பார்க்குது? தடை போட்டா அதே மாதிரி ஒண்ணு நம்ம ஊர்ல வந்துடுமா? இந்தக் கேள்விகளுக்கு பதில் வேணும்னா, டி.ஜே.ஐ. வளர்ந்த கதையைத் தெரிஞ்சுக்கணும்.

'சி' கிரேடு வாங்கிய ஹெலிகாப்டர்

டி.ஜே.ஐ-யை ஆரம்பிச்சவர் ஃப்ராங்க் வாங். சீனப் பெயர் வாங் தாவோ. 1980-ல ஹாங்ஜோ நகரத்துல பிறந்தவர். சின்ன வயசுல ஒரு சிவப்பு ஹெலிகாப்டரின் சாகசங்களைச் சொல்ற காமிக்ஸ் புத்தகத்தைப் படிச்சவருக்கு, பறக்கிற பொருள்கள் மேல தீராத பைத்தியம். பரீட்சையில நல்ல மார்க் வாங்கினதுக்குப் பரிசா, 16 வயசுல ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் கிடைச்சது. ஆசை ஆசையா பறக்க விட்டார். கொஞ்ச நாள்லயே கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு.

அந்தக் காலத்து ரிமோட் ஹெலிகாப்டரை ஓட்டிப் பார்த்தவங்களுக்கு இந்த வலி தெரியும். காத்து லேசா அடிச்சாலே சாயும். அதைச் சரி பண்ண நீங்க ஸ்டிக்கை நகர்த்தினா, மறுபக்கம் சாயும். மாசக்கணக்குல பழகினாத்தான் அந்தரத்துல ஒரே இடத்துல நிறுத்தவே முடியும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ரெண்டுலயும் வாங்குக்கு இடம் கிடைக்கலை. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு அவர் எடுத்துக்கிட்ட விஷயம், ஹெலிகாப்டரைத் தானாகவே அந்தரத்தில் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி. வகுப்பைக் கட் அடிச்சுட்டு, விடிய விடிய உட்கார்ந்து வேலை பார்த்தார். செய்து காட்டவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி அது மக்கர் பண்ணிடுச்சு. கிடைச்சது 'சி' கிரேடு.

ஆனா, அந்தத் தோல்வியையும் தாண்டி அவர்கிட்ட இருந்த விஷயத்தை ஒருத்தர் கவனிச்சார். ரோபோட்டிக்ஸ் பேராசிரியர் லீ ஸெஷியாங். வாங்கை மேற்படிப்புக்கு எடுத்துக்கிட்டதோட நிக்காம, பின்னாடி கம்பெனியில பணமும் போட்டு, அதோட தலைவராகவும் ஆனார். மார்க் ஷீட்டைத் தாண்டி ஒரு மாணவனைப் பார்க்கிற வாத்தியார் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல வித்தது ட்ரோன் இல்லை... மூளை!

2006-ல கூடப் படிச்ச ரெண்டு பேரோட வாங் ஷென்ஜென் நகரத்துக்கு வந்தார். ஒரு அபார்ட்மென்ட் வீடுதான் ஆபீஸ். ஸ்காலர்ஷிப்ல மிச்சமிருந்த காசுதான் முதலீடு.

ஏன் ஷென்ஜென்? 1980-ல சிறப்புப் பொருளாதார மண்டலமா அறிவிக்கப்பட்ட அந்த ஊர், அதுக்குள்ள உலகத்தோட எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையா மாறியிருந்தது. ஹுவாச்சியாங்பெய்னு ஒரு மார்க்கெட் இருக்கு. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பல மடங்கு பெருசாக்கி, மாடி மாடியா அடுக்கி வச்ச மாதிரி. காலையில ஒரு டிசைன் யோசிச்சா, சாயங்காலத்துக்குள்ள அதுக்கான மோட்டார், சர்க்யூட் போர்டு, பேட்டரி எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துடலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்க கையில இருக்கிற போன். போனைச் சாய்ச்சா ஸ்கிரீனும் திரும்புதே, அதுக்குக் காரணம் உள்ள இருக்கிற கடுகு சைஸ் சென்ஸார்கள். எந்தப் பக்கம் சாயுறோம், எவ்வளவு வேகமா திரும்புறோம்னு அதுங்க கணக்கு போட்டுச் சொல்லும். ஸ்மார்ட்போன்கள் கோடிக்கணக்குல தயாராக ஆரம்பிச்சதும் இந்த சென்ஸார், ஜி.பி.எஸ். சிப், லித்தியம் பேட்டரி எல்லாமே விலை சரிஞ்சது. ட்ரோனுக்குத் தேவையானதும் இதே பொருள்கள்தான். ஒரு விதத்துல ட்ரோன்ங்கிறது, இறக்கை முளைச்ச ஸ்மார்ட்போன்.

ஆனா பாகங்களை வாங்கி ஒட்டவைக்கிறது பெரிய விஷயமில்லை. அந்த சென்ஸார் தர்ற தகவலை நொடிக்குப் பல நூறு முறை வாங்கி, 'இடது மோட்டாரை இவ்வளவு வேகமாக்கு, வலதைக் குறை'ன்னு உத்தரவு போடுற மூளைதான் கஷ்டம். அதுக்கு ஃப்ளைட் கன்ட்ரோலர்னு பேரு. டி.ஜே.ஐ. முதல் சில வருஷங்கள் முழு ட்ரோனை விற்கவே இல்லை. இந்த மூளையை மட்டும்தான் பல்கலைக்கழகங்களுக்கும் மின்சார நிறுவனங்களுக்கும் பொழுதுபோக்கா ஹெலிகாப்டர் பறக்கவிடுறவங்களுக்கும் வித்துட்டு இருந்தாங்க. லாபம் பெருசா இல்லை. ஆட்கள் பலர் விலகிப் போனாங்க. குடும்ப நண்பர் ஒருத்தர் கொடுத்த 90,000 டாலர்தான் கம்பெனியை மூச்சுவிட வச்சது.

இந்த வருஷங்கள் வீண்போகலை. ஆடாம நிக்கிறது எப்படிங்கிற ஒரே கேள்வியை ஆறேழு வருஷமா விடாம பிடிச்சுக்கிட்டு இருந்ததுதான், பின்னாடி வந்த எல்லாத்துக்கும் அஸ்திவாரம்.

2013: பெட்டியைத் திற... பறக்க விடு!

2013 ஜனவரியில 'ஃபான்டம்' வந்தது. வெள்ளை நிறம், நாலு இறக்கை, விலை 679 டாலர். அதுக்கு முன்னாடி ட்ரோன் வேணும்னா பாகங்களை வாங்கி, சால்டரிங் பண்ணி, புரோகிராம் எழுதி நீங்களே கட்டணும். ஃபான்டத்துல அந்த வேலையே இல்லை. ஸ்டிக்குல இருந்து கையை எடுத்தா, ஜி.பி.எஸ். உதவியோட அதே இடத்துல நிக்கும். சிக்னல் அறுந்துபோனா, கிளம்பின இடத்துக்குத் தானாவே திரும்பி வரும். 16 வயசுல ஹெலிகாப்டரை உடைச்ச பையன் கேட்டது இதைத்தானே!

முதல் ஃபான்டத்துல கேமரா கிடையாது. கீழ ஒரு கோப்ரோ கேமராவை மாட்டிக்கணும். அடுத்தடுத்த மாடல்கள்ல சொந்தக் கேமரா, கூடவே அதைத் தாங்குற கிம்பல், வீடியோவை நேரலையா போனுக்கு அனுப்புற வசதின்னு எல்லாத்தையும் டி.ஜே.ஐ-யே செய்ய ஆரம்பிச்சது.

கிம்பல்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடலாம். ஓடுற கோழியோட உடம்பைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. உடம்பு ஆடும், தலை மட்டும் அசையாம அதே இடத்துல நிக்கும். அதேதான் கிம்பல். மூணு திசைக்கு மூணு மோட்டார். ட்ரோன் இடது பக்கம் சாய்ஞ்சா, அதே அளவுக்கு மோட்டார் கேமராவை வலது பக்கம் திருப்பும். உங்க கண்ணுக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

15,000 டாலர் வேலை, 3,000 டாலருக்கு!

வானத்துல ஆடாம நிக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தரையில நிக்கிறதா கஷ்டம்?

சினிமாவுல நடுக்கமில்லாத ஷாட்டுக்கு 1970-கள்லயே கேரட் பிரவுன்ங்கிற அமெரிக்கர் 'ஸ்டெடிகேம்' கண்டுபிடிச்சுட்டார். ஆனா அது உடம்போட கட்டிக்கிட்டுச் சுமக்கவேண்டிய கனமான கருவி. அதுக்குன்னே பயிற்சி எடுத்த ஆள் வேணும். 2013-ல அமெரிக்காவின் ஃப்ரீஃப்ளை நிறுவனம், மோட்டார்ல இயங்குற 'மோவி'ங்கிற கையடக்க கிம்பலைக் காட்டினப்போ சினிமாக்காரங்க வாயைப் பிளந்தாங்க. விலை கிட்டத்தட்ட 15,000 டாலர். அடுத்த வருஷமே டி.ஜே.ஐ. 'ரோனின்'ங்கிற கிம்பலைக் கொண்டுவந்தது. விலை 3,000 டாலர்.

ஐந்தில் ஒரு பங்கு விலை! குறும்படம் எடுக்கிற பசங்க, கல்யாண வீடியோகிராபர்கள், சின்ன பட்ஜெட் படக்குழுக்கள்னு எல்லார் கைக்கும் அந்தக் கருவி வந்துசேர்ந்தது. 2015-ல கையில பிடிக்கிற 'ஆஸ்மோ', அதே வருஷம் ஸ்வீடனின் புகழ்பெற்ற கேமரா நிறுவனமான ஹாசல்பிளாட்ல பங்கு, 2017-ல அதுல பெரும்பான்மைப் பங்கு. நிலாவுக்குப் போன அப்போலோ விண்வெளி வீரர்கள் கையில இருந்த கேமரா, ஹாசல்பிளாட்தான். 2017-ல கேமரா ட்ரோன் தொழில்நுட்பத்துக்காக டி.ஜே.ஐ-க்கு எம்மி விருதும் கிடைச்சது.

2021 அக்டோபர்ல வந்த 'ரோனின் 4டி' இன்னும் ஒரு படி மேல. கேமரா, கிம்பல் ரெண்டும் ஒரே உடம்பு. நடக்கும்போது ஏற்படுற மேல்-கீழ் குலுங்கலையும் தடுக்க நாலாவதா ஒரு அச்சு. அலெக்ஸ் கார்லாண்டின் 'சிவில் வார்' படத்துல இந்தக் கேமரா வேலை செஞ்சது. 2025 மார்ச்ல நெட்ஃப்ளிக்ஸை உலுக்கின 'அடலசன்ஸ்' பார்த்தீங்கதானே? ஒவ்வொரு எபிசோடும் கட்டே இல்லாம ஒரே ஷாட். அதை எடுத்ததும் ரோனின் 4டி-தான். ரெண்டாவது எபிசோடு முடிவுல கேமரா தெருவுல இருந்து எழும்பி, ஊருக்கு மேல பறந்து, கொலை நடந்த இடத்துல அப்பாவோட முகத்துல வந்து நிக்குமே... அங்க கையில இருந்த கேமராவை ஓடுற ஓட்டத்துல ட்ரோன்ல மாட்டிப் பறக்கவிட்டாங்க. தரைக் கேமரா, வானக் கேமராங்கிற வித்தியாசமே அந்த ஒரு நிமிஷத்துல அழிஞ்சுபோச்சு.

போட்டியாளர்கள் எங்கே போனாங்க?

'சீனாக்காரன் விலையைக் குறைச்சு எல்லாரையும் காலி பண்ணிட்டான்'னு ஈஸியா சொல்லிடலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னன்னு பார்ப்போம்.

அமெரிக்காவுல 3டி ரோபோட்டிக்ஸ்னு ஒரு நிறுவனம். 'வயர்டு' பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் ஆரம்பிச்சது. 2015-ல 'சோலோ'ங்கிற ட்ரோனை ஆர்ப்பாட்டமா இறக்கினாங்க. கேமராவைத் தாங்குற கிம்பல் சொன்ன நேரத்துக்கு வந்துசேரலை. அந்த நேரத்துல டி.ஜே.ஐ. தன்னோட விலையை இறக்கிடுச்சு. தயாரிச்சு வச்ச சோலோக்கள் கடைகள்ல தேங்கின. 2016-ல அந்த நிறுவனம் ட்ரோன் தயாரிப்பையே விட்டுடுச்சு.

கோப்ரோ கதை இன்னும் சோகம். 2016 செப்டம்பர்ல 'கர்மா' ட்ரோனை அறிவிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு டி.ஜே.ஐ., மடிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிற 'மேவிக் புரோ'வை அறிவிச்சது. நவம்பர்ல, பறந்துட்டு இருக்கும்போதே பவர் கட்டாகி கர்மா ட்ரோன்கள் கீழ விழ, விற்ற சுமார் 2,500 ட்ரோன்களையும் கோப்ரோ திரும்ப வாங்கிக்கிச்சு. 2018 ஜனவரியில ட்ரோன் தொழிலுக்கே டாட்டா.

இந்த ரெண்டு பேரும் தோத்தது வெறும் விலையில இல்லை. ஒருத்தருக்குக் கிம்பல் நேரத்துக்கு வரலை. இன்னொருத்தருக்கு பேட்டரி சரியா உட்காரலை. டி.ஜே.ஐ. மோட்டார், கிம்பல், கேமரா, ரேடியோ, சாஃப்ட்வேர்னு முக்கியமான எல்லாத்தையும் தன் கைக்குள்ள வச்சிருந்தது. தப்பு வந்தா, சரிபண்ணவேண்டிய ஆள் பக்கத்து ரூம்ல இருந்தார்.

அதுக்காக டி.ஜே.ஐ. உத்தம நிறுவனம்னு நினைச்சுடாதீங்க. 2019-ல தங்களோட ஊழியர்களே உதிரி பாகங்களோட விலையை ஏத்திக் காட்டி மோசடி பண்ணினதா அவங்களே அறிவிச்சாங்க. நஷ்டம் 100 கோடி யுவான் வரை போகலாம்னு சொன்னாங்க. 45 பேர் மேல நடவடிக்கை பாய்ஞ்சது.

அமெரிக்காவுக்கு என்ன பிரச்னை?

2015 ஜனவரியில ஒரு ஃபான்டம் ட்ரோன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில வந்து விழுந்தது. ஓட்டினவர் வேணும்னு செய்யலை. ஆனா, 'இவ்வளவு ஈஸியா உள்ள வர முடியுமா?'ங்கிற கேள்வி அன்னிக்கே எழுந்துடுச்சு.

2017 ஆகஸ்ட்ல அமெரிக்க ராணுவம் தன்னோட படைகள் டி.ஜே.ஐ. பொருள்களைப் பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. 2020 டிசம்பர்ல, சீனாவுக்குள்ள நடக்கிற கண்காணிப்புக்கும் மனித உரிமை மீறலுக்கும் துணைபோகுதுன்னு சொல்லி, அமெரிக்க வர்த்தகத் துறை தன்னோட கறுப்புப் பட்டியல்ல சேர்த்தது. 2022 அக்டோபர்ல பென்டகன், 'சீன ராணுவ நிறுவனங்கள்' பட்டியல்லயும் போட்டது. டி.ஜே.ஐ. எல்லாத்தையும் மறுத்தது. 2024-ல பென்டகன் மேல வழக்கும் போட்டது.

2025 செப்டம்பர்ல வந்த தீர்ப்பு சுவாரஸ்யமானது. டி.ஜே.ஐ., சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் கட்டுப்பாட்டில் இருக்குன்னு பென்டகன் வச்ச வாதத்தை நீதிபதி ஏத்துக்கலை. ஆனாலும் பட்டியல்ல இருந்து எடுக்க மறுத்துட்டார். காரணம், சாதாரண மக்களுக்காகச் செய்த அந்தத் தொழில்நுட்பத்தை ராணுவத்துக்கும் அப்படியே பயன்படுத்த முடியும்கிறதுதான். உக்ரைன் போரைப் பாருங்க. கல்யாணத்துல பறக்கிற அதே மேவிக், அங்க ரெண்டு தரப்புக்கும் எதிரி எங்க இருக்கான்னு காட்டுது. 2022 ஏப்ரல்ல டி.ஜே.ஐ. ரஷ்யா, உக்ரைன் ரெண்டு நாட்டுலயும் வியாபாரத்தை நிறுத்திக்கிச்சு. ஆனா போர்க்களத்துல ட்ரோன் நிக்கலை.

டேட்டா பத்தின பயமும் பொய்னு ஒதுக்க முடியாது. ட்ரோன் எங்க பறந்தது, என்ன பார்த்ததுங்கிற தகவல் போன் ஆப் வழியா போகும். சீனாவோட 2017 உளவுச் சட்டப்படி, அரசு கேட்டா அங்க இருக்கிற நிறுவனங்கள் உதவி செஞ்சே ஆகணும். டி.ஜே.ஐ. இதுக்கு பதிலா, இன்டர்நெட்டே இல்லாம ட்ரோனை இயக்குற வசதியைக் கொண்டுவந்தது. 2024-ல அமெரிக்கர்களோட பறத்தல் பதிவுகளைத் தங்கள் சர்வருக்கு அனுப்புற வசதியையே எடுத்துடுச்சு.

அடுத்துதான் ட்விஸ்ட். 2024 டிசம்பர்ல வந்த அமெரிக்கச் சட்டம், 'ஒரு வருஷத்துக்குள்ள ஏதாவது ஒரு பாதுகாப்பு அமைப்பு டி.ஜே.ஐ-யைச் சோதிக்கணும். சோதிக்கலைன்னா தானாகவே தடைப் பட்டியல்ல சேரும்'னு சொன்னது. 'வந்து சோதிங்க'ன்னு டி.ஜே.ஐ. கேட்டுக்கிட்டே இருந்தது. ஒரு வருஷம் ஓடிப்போச்சு. சோதனை நடக்கலை. 2025 டிசம்பர்ல அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இன்னும் பெரிய வலையை வீசி, வெளிநாட்டுல தயாராகுற புது ட்ரோன் மாடல்கள் எல்லாத்தையும் பட்டியல்ல சேர்த்துடுச்சு. ஏற்கெனவே அனுமதி வாங்கின மாடல்களை விற்கலாம், பறக்கவிடலாம். புதுசுக்கு மட்டும் கதவு மூடல்.

சந்தேகம் நியாயமானதா இருக்கலாம். ஆனா சோதிச்சுப் பார்த்துட்டு 'இதுதான் ஓட்டை'ன்னு காட்டியிருந்தா, உலகத்துல இருக்கிற எல்லா யூசருக்கும் அது பயன்பட்டிருக்கும். நம்மையும் சேர்த்துதான்.

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

2022 பிப்ரவரி 9-ம் தேதி இந்தியா வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை விதிச்சது. முழு ட்ரோனாவும் கொண்டுவர முடியாது, பிரிச்சு பெட்டியில போட்டும் கொண்டுவர முடியாது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புக்கு மட்டும் அனுமதியோட விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. உள்ளூர்ல தயாரிக்கிறவங்களுக்கு 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தையும் அரசு அதுக்கு முந்தின வருஷமே அறிவிச்சிருந்தது. கையில பிடிக்கிற கிம்பல், பாக்கெட் கேமராவுக்கு இந்தத் தடை பொருந்தாது. அதனாலதான் 2023-ல வந்த 'ஆஸ்மோ பாக்கெட் 3' இன்னிக்கு விலாகர்கள் கையில சாதாரணமா தெரியுது.

இங்க ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். '3 இடியட்ஸ்' படத்துல ஒரு மாணவன் உருவாக்கின ட்ரோன் பறக்குமே, தமிழ்ல 'நண்பன்'னு வந்துச்சே... இந்திப் படத்துல பறந்த அந்த ட்ரோன், மும்பையின் 'ஐடியாஃபோர்ஜ்' செய்தது. ஐ.ஐ.டி. பாம்பே மாணவர்கள் 2007-ல ஆரம்பிச்ச கம்பெனி. டி.ஜே.ஐ-க்கும் இதுக்கும் ஒரு வருஷம்தான் வித்தியாசம்! நம்ம சென்னையிலும் ஆள் இல்லாம இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தோட 'தக்‌ஷா' மாணவர் அணி, நடிகர் அஜித்குமார் ஆலோசகரா இருந்தப்போ, 2018-ல ஆஸ்திரேலியாவுல நடந்த போட்டியில ரெண்டாம் இடம் பிடிச்சது.

அப்போ திறமை நம்மகிட்டயும் இருந்திருக்கு. வித்தியாசம் எங்க வந்தது? ஐடியாஃபோர்ஜ் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் சர்வே வேலைக்கும் ட்ரோன் செய்யுற பாதையில போச்சு. அங்க ஆர்டர் பெருசு, எண்ணிக்கை கம்மி. டி.ஜே.ஐ. கேமரா பிடிக்கிற சாதாரண மனுஷனைத் தேடிப் போச்சு. லட்சக்கணக்குல விற்கும்போது மோட்டார் விலை குறையும். ஆயிரக்கணக்கான பேர் ஓட்டும்போது தப்பு சீக்கிரம் தெரியும். அந்தக் காசுல அடுத்த மாடல் வரும். இந்தச் சக்கரம் இருபது வருஷமா சுத்திட்டு இருக்கு.

தடை வந்து நாலு வருஷம் ஆச்சு. இந்தியாவுல விவசாய ட்ரோன், சர்வே ட்ரோன், ராணுவ ட்ரோன் நிறைய வந்திருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா கல்யாணத்துக்கும் குறும்படத்துக்கும் அதே தரத்துல, அதே விலையில ஒரு கேமரா ட்ரோன்? அந்த நாற்காலி இன்னும் காலியாதான் இருக்கு. தடைக்கு முன்னாடி வாங்கின பழைய ட்ரோன்கள் ஓடிட்டு இருக்கு. வேற வழியில உள்ள வந்ததை வாங்கினவங்க, ரிப்பேர்னா யார்கிட்ட போறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க. உள்ளூர் ட்ரோன்லயும் உள்ள இருக்கிற பாகம் எங்க இருந்து வருதுங்கிறது தனிக் கேள்வி. சீன பாகங்கள் இருந்ததால 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை நம்ம ராணுவம் ரத்து செஞ்சதா 2025-ல செய்திகள் வந்துச்சு.

அப்போ, நாம என்ன பண்றது?

டி.ஜே.ஐ-க்கு இன்னிக்கு உண்மையான நெருக்கடி கொடுக்கிறது இன்னொரு ஷென்ஜென் கம்பெனிதான். 'இன்ஸ்டா360'. 2015-ல ஆரம்பிச்சு, 2025-ல ஷாங்காய் பங்குச்சந்தைக்கு வந்துட்டாங்க. அதே வருஷம் இவங்க 360 டிகிரி படம்பிடிக்கிற ட்ரோனைக் காட்டினாங்க, டி.ஜே.ஐ. 360 கேமராவை இறக்கிடுச்சு. எந்தத் தடையாலயும் வராத போட்டி, ஒரே ஊருக்குள்ள இருந்து வந்திருக்கு. ஏன்னா பாகம் விற்கிற கடை, தெரிஞ்ச இன்ஜினீயர், ரிஸ்க் எடுக்கிற வாத்தியார் எல்லாம் அங்க இருக்காங்க.

தடை ஒரு இடத்தைக் காலி பண்ணித் தரும். அவ்வளவுதான். அந்த இடத்துல உட்காரப் பல வருஷம் பொறுமையா ஒரே பிரச்னையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஆள் வேணும். 'சி' கிரேடு வாங்கினவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பேராசிரியர் வேணும். போர்க்கருவி மட்டும் இல்லாம, சாதாரண ஆள் வாங்குற பொருளையும் செய்யணும்ங்கிற எண்ணம் வேணும்.

நீங்க ட்ரோன் வாங்கி இந்தத் தொழிலுக்கு வரணும்னு யோசிக்கிறவரா இருந்தா, மூணு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஒண்ணு, பில், வாரன்டி, சர்வீஸ் இல்லாத ட்ரோனுக்கு ஆசைப்பட்டு சேமிப்பைக் கொட்டாதீங்க. ரெண்டு, ட்ரோனுக்குப் பதிவு இருக்கா, நீங்க நிக்கிற இடம் பச்சை மண்டலமா சிவப்பு மண்டலமான்னு பார்த்துட்டுப் பறக்கவிடுங்க. எடை, பயன்பாட்டைப் பொறுத்து பைலட் சான்றிதழ் தேவைப்படலாம். மூணு, ஆப் கேட்கிற எல்லா அனுமதிக்கும் கண்ணை மூடிட்டு 'ஓகே' குடுக்காதீங்க. இது சீன ஆப்புக்கு மட்டும் இல்லை, எல்லா ஆப்புக்கும்தான்.

ஒருவேளை நீங்க இன்ஜினீயரிங் படிக்கிறவரா? உங்க புராஜெக்ட்டும் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி மக்கர் பண்ணிடுச்சா? அதைத் தூக்கிப் பரண்ல போட்டுடாதீங்க. அந்த நாற்காலி இன்னும் காலியாதான் இருக்கு, பாஸ்!